அண்ணி பூசிய பொன்

“ஊர்ல உள்ள செம்புக்கெல்லாம் பூசத் தெரியுது, கட்டினவ முதுகுக்கு ஒரு கை எண்ணெய் பூசத் தெரியலையா?” என்று அண்ணி மறுபடியும் கேட்டாள். கேட்டது கேட்டபடியே சொல்கிறேன், ஒரு எழுத்து நான் கூட்டவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. அதற்கு என் அண்ணன் இன்னாசி வழக்கம்போல வாயைத் திறக்காமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்து “காலையிலேயே ஆரம்பிச்சாச்சா” என்றேன். “வந்துட்டியா, உங்க அண்ணனுக்கு வக்காலத்து வாங்க” என்று அண்ணி என் பக்கம் திரும்பினாள். திரும்பினவள் சுவரில் கையை வைத்தாள், சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அவள் பெயர் பிரகாசி. எனக்கும் அவளுக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் வாரத்தில் பாதி நாள் நான் அங்கேதான் கிடப்பேன், சண்டை போடுவதற்கு அவளைவிட நல்ல ஆள் எங்கள் தெருவில் இல்லை. கேள்வி கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி வாயைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டே போய்விட்டாள். நோயில்பூசுதலுக்கான எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு ஃபாதர் ஓடிவந்தபோது உடம்பு ஆறியிருந்தது, ஆறின உடம்புக்குப் பூசுவதில்லை என்று சொல்லி நெற்றியில் சிலுவை மட்டும் வரைந்துவிட்டுப் போனார். ஆக, அவள் கேட்ட எண்ணெயும் கிடைக்காமல், கேட்காத எண்ணெயும் கிடைக்காமல் அண்ணி கல்லறைக்குப் போனாள்.

அண்ணன் ஏன் பூசிவிடவில்லை என்று கேட்டால் எங்கள் தெருவைச் சொல்ல வேண்டும். கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது எங்கள் ஊர், எங்கள் தெருவில் நடப்பது கவரிங் வேலை, அதாவது செம்பில் செய்த சங்கிலிக்கும் வளையலுக்கும் மேலே பொன் பூசுவது. கழுத்து நிறைய வேண்டும் என்று கேட்கும் மாப்பிள்ளை வீடுகள் இருக்கிறவரை எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. அண்ணன் கோதண்டபாணி செட்டியார் பட்டறையில் தொட்டி மேஸ்திரி. தொட்டியில் பொன் கரைந்த தண்ணீர் இருக்கும், கழுவின சங்கிலியைக் கம்பியில் மாட்டி அதில் இறக்கிக் கரண்ட் விட்டால் முலாம் ஏறும். இந்த வேலைக்கு ஒரே சத்துரு எண்ணெய். பசை பட்ட இடத்தில் பொன் பிடிக்காது, தேமல் விழுந்த முதுகு மாதிரி திட்டுத் திட்டாக நிற்கும். அதனால் எதுவானாலும் முதலில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறக்குவது. தொட்டி மேஸ்திரி தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது, வடையைக் காகிதம் சுற்றித்தான் தின்ன வேண்டும், பெண்டாட்டியின் முதுகுக்குத் தைலம் தேய்த்தால் மறுநாள் சரக்கு மொத்தமும் பாழ். கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் விரல் எண்ணெயைத் தொட்டதில்லை. இது அண்ணிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் கேட்டாள். தெரிந்த பதிலைக் கேட்கக்கூடாது என்று எந்தப் பெண்டாட்டிக்குச் சட்டம் இருக்கிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலையில் அண்ணனுக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன். கோயிலில் மூவேளை ஜெபத்துக்கு மணி அடித்து ஓய்ந்திருந்தது. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், இடது காதுக்குப் பின்னால் வெயில் விழுந்த மாதிரி ஒரு மினுக்கல், ஆனால் அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது.

“காதுக்குப் பின்னாடி என்னண்ணே, பட்டறையில தெறிச்சதா?”

“இல்லம்மா. மணி அடிக்கையில உங்க அண்ணி வந்தா.”

“வந்து?”

“பூசிட்டுப் போனா.”

டம்ளரை வைத்துவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன். பொன்தான், வெங்காயச் சருகைவிட மெல்லிசாக, கழுத்திலிருந்து காதை நோக்கிக் கீழிருந்து மேலாகத் தடவியிருந்தது, விரல்களின் தடம் அப்படியே தெரிந்தது. அண்ணிக்கு வலது கை நடுவிரலில் நகம் இல்லை, கிரைண்டர் கல்லைத் தூக்கும்போது நசுங்கிப் போனது. அந்தத் தடத்திலும் மற்ற விரல்களுக்கு நகம் இழுத்த மயிர்க்கோடு இருந்தது, நடுவிரலுக்கு மட்டும் இல்லை. அவள் மஞ்சள் பூசிக்கொள்ளும்போதும் கீழிருந்து மேலாகத்தான் தடவுவாள், கன்னம் தொங்காது என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.

“காபி ஆறுது, குடிங்க” என்றேன்.

மறுநாள் கழுத்து, அதற்கு மறுநாள் தோளின் ஒரு பக்கம். ஒவ்வொரு காலையும் மணியின் முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் நடுவில் ஒரு கை அகலம் ஏறியது. கூடவே உட்கார்ந்து கண்ணைக் கொட்டாமல் பார்க்கிறேன் என்று போன பக்கத்து வீட்டு அமலோற்பவத்துக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது. யாருக்கு எது வந்ததோ, நிமிர்ந்து பார்க்கும்போது ஈரம் காயாத பொன் மட்டும் இருந்தது, காலியாகக் கிடந்த கட்டிலின் இடது பக்கத்தில் போர்வை லேசாக அழுந்தியிருந்தது.

பூசு என்கிற சொல்லை நாம் யாரும் யோசித்துச் சொல்வதில்லை. முகத்துக்கு மஞ்சள் பூசுகிறோம், மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசுகிறோம், சுவருக்குச் சுண்ணாம்பு, நெற்றிக்குத் திருநீறு, அம்மை இறங்கின பிள்ளைக்கு வேப்பிலை அரைத்து, போகிற உயிருக்கு மந்திரித்த எண்ணெய் தொட்டு, எல்லாம் பூசுகிறோம். தப்புச் செய்துவிட்டுச் சமாதானம் சொல்கிறவனைப் பூசி மெழுகுகிறான் என்கிறோம். புதுப்பெண்ணாக அண்ணி வந்து இறங்கியபோது பூசினாப்போல உடம்பு என்று எங்கள் அம்மா சம்பந்தி வீட்டார் காதில் விழுகிற மாதிரி சொன்னாள், அது பாராட்டா குத்தலா என்று அண்ணி சாகிறவரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் கை அசைவது ஒரே மாதிரிதான், ஆற்றுவதற்கும் அப்படித்தான் அசைகிறது, மறைப்பதற்கும் அப்படித்தான் அசைகிறது. அண்ணி எதற்காக அசைக்கிறாள் என்று யாருக்கும் தெரியாததால் தெருவில் ஆளுக்கொரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள், எடுத்துக்கொண்ட சொல்லுக்குத் தகுந்தபடி அண்ணனை நடத்தினார்கள்.

கோதண்டபாணி செட்டியார் கோட்டிங் என்றார். உரைகல்லை அண்ணனின் தோளில் வைத்து நாசூக்காக ஒரு இழுப்பு இழுத்து, அமிலம் விட்டுப் பார்த்து, “கவரிங் இல்ல மேஸ்திரி, அசல். கோட்டிங் நம்ம சரக்கைவிட நீட்டா இருக்கு, உங்க வீட்டுக்காரம்மாவை நான் வேலைக்கு எடுத்திருக்கணும்” என்றார். ஷோரூமில் கண்ணாடிக்குப் பின்னால் ஏசிக்கு நேராக ஒரு நாற்காலி போட்டு, வந்து சும்மா உட்கார்ந்தால் போதும் என்று கூப்பிட்டார். அண்ணன் போகவில்லை, அவள் வீட்டுக்குத்தான் வருகிறாள், ஷோரூமுக்கு அவளுக்கு வழி தெரியாது என்றார்.

தமிழ் வாத்தியார் அறவாழி, பூசுதல் என்பது பாமரச் சொல், கோயில் கூரைக்குப் பொன் வேய்ந்தான் என்றுதான் சொல்வார்கள், எனவே இன்னாசி வேயப்படுகிறார் என்று டீக்கடையில் தீர்ப்புச் சொன்னார். கூரை என்றால் மழைக்கு ஒழுகாதா என்று பார்த்தாயா வாத்தியாரே என்று ஒருவன் கேட்டதும் அவர் டீயை வைத்துவிட்டுப் போனார். தெருப் பெண்கள் போர்த்துவது என்றார்கள், பிரகாசி புருஷனுக்குக் குளிராமல் போர்த்திவிடுகிறாள், நமக்கு இப்படி ஒருத்தன் அமைந்தானா என்று பெருமூச்சு விட்டார்கள், உயிரோடு இருந்தபோது அவள் போட்ட சண்டையெல்லாம் இவர்களுக்கு எங்கே போயிற்றோ. ஃபாதர் எந்தச் சொல்லும் சொல்லவில்லை. மேற்றிராசனத்தில் ஆயருக்கு எழுதிக் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அண்ணன் பூசைக்கு வந்தால் கூட்டம் பீடத்தைப் பார்க்காமல் அவரையே பார்க்கிறது என்பதால் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்குக் கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் ஒரு சொல் சொல்லிக்கொடுத்திருந்தார். சாப்பலில் பீடத்துக்கு இரண்டு பக்கமும் நின்ற சம்மனசுகளை, அதாவது தேவதூதர் சிலைகளைக் காட்டி, இவையெல்லாம் கில்டட், மேலே பொன் பூசினவை, பெண்களே, என்றார். ஒருநாள் ஒட்டடை அடிக்கும்போது ஒரு சம்மனசின் மூக்கு உடைந்தது. உள்ளே மரம் இல்லை, சாந்துகூட இல்லை, கறையான் தின்றுவிட்டுப் போன இருட்டு மட்டும் இருந்தது. அந்தப் பூச்சு ஒன்றுதான் இத்தனை வருஷமாகச் சிறகை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பொன் நெஞ்சைத் தாண்டின பிறகு அண்ணன் இருமினால் காலிக் குடத்தில் இருமின மாதிரி கேட்க ஆரம்பித்தது, அப்போதெல்லாம் எனக்கு அந்த மூக்கு ஞாபகம் வந்தது.

மனுஷர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். மத்தியானத்தில் அண்ணன் உடம்பு சூடேறும் என்று வேப்பமர நிழலுக்குக் கட்டிலை நகர்த்தினோம். காக்காய் கொத்த வந்தால் விரட்டினோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்து உடம்பு ஆறும்போது டிக், டிக் என்று மெல்லச் சத்தம் வரும், அண்ணி கோபத்தில் நாக்கால் உச்சுக்கொட்டுவது மாதிரியே இருக்கும். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கரண்ட் போனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் புத்தகத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள், அவர் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி வைத்தால் முற்றம் முழுக்க எழுத்துத் தெரிந்தது. கல்யாணப் பெண்கள் கவரிங் நகையைக் கொண்டுவந்து அவர் தோளில் தொட்டு எடுத்துக்கொண்டு போனார்கள், அப்படித் தொட்டது கறுக்காது என்று ஒரு பேச்சு. கறுத்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கறுத்தவள் வந்து சொல்லவில்லை.

தெரு செய்த தப்பை இங்கேதான் சொல்ல வேண்டும், இது எங்கள் தெருக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு. தினமும் காலையில் மணிக்கு முன்னாலேயே பெண்கள் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி நுரைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து அண்ணனைக் கழுவிவிட்டார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பொன் ஏறப்போகிற எதையும் கழுவாமல் விட்டு எங்கள் கைக்குப் பழக்கமில்லை. கழுத்து இடுக்கு, விரல் சந்து, காது மடல் என்று சங்கிலிக் கண்ணியைத் தேய்க்கிற மாதிரி நுணுக்கமாகத் தேய்த்தார்கள், நானும் தேய்த்தேன். தேய்த்த இடமெல்லாம் பொன் சுருக்கம் இல்லாமல் அழகாகப் பிடித்தது. “பாருங்கக்கா, எப்படிப் பிடிக்குது” என்று அமலோற்பவம் பெருமைப்பட்டாள்.

பொன் மோவாயைத் தொட்ட நேரத்தில்தான் ஜெசிந்தா வந்தாள். அண்ணனுக்கு ஒரே பெண், ஓசூரில் மோட்டார் கம்பெனியில் வேலை. அம்மா செத்த அன்று பஸ்ஸும் மழையும் சேர்ந்து சதி செய்ததில், பெட்டியை மூடி ஆணி அடித்த பிறகுதான் கோயில் வாசலில் வந்து இறங்கினாள். மூடியைத் திறக்கச் சொல்லி அவள் கேட்டதும், திறக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதும், அவள் மூடியின் மேலே கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றதும் எல்லோருக்கும் தெரியும். இப்போது பையை வாசலிலேயே போட்டுவிட்டு வந்து அண்ணன் முன்னால் நின்றாள், தோளை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள், சத்தத்தைக் கேட்டாள், என் பக்கம் திரும்பினாள்.

“என்ன அத்தை இது?”

“உங்கம்மா பூசறா.”

“அது சரி, நீங்கல்லாம் சுத்தி நின்னு என்ன பண்றீங்க?”

“என்னடி பண்ணச் சொல்ற?”

“மூக்கும் வாயும் மூடினா மூச்சு எப்படிப் போகும்னு ஒருத்தருக்குக்கூடத் தோணலையா? இன்னொரு மூடியை என்னால பார்க்க முடியாது அத்தை.”

தோன்றாமல் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் காலையில் கழுவ வருகிற கூட்டத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஆளுக்கு ஆள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். ஜெசி வாயைக் கட்டுகிற ரகம் இல்லை, அவள் அம்மா பெண். அன்றைக்கே புளி வைத்துத் தேய்த்தாள், செங்கல் பொடி போட்டுத் தேய்த்தாள், ஆசாரியைக் கூப்பிட்டுச் சுரண்டப் பார்த்தாள். சுரண்டின இடத்தில் ரத்தம் வந்தது, பொன் வரவில்லை. பட்டறையில் பழைய முலாம் கழற்றுகிற தண்ணீர் ஒன்று உண்டு, அதைக் கேட்டுச் செட்டியாரிடம் போனாள், அது பொன்னோடு தோலையும் சேர்த்துத்தான் கழற்றும் பாப்பா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

எனக்குப் பொறுமை கிடையாது. எல்லோரும் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிற விஷயத்தை நேரே அண்ணனிடம் கேட்டேன்.

“அவ கேட்ட கேள்விக்கு நீங்க பதில் சொல்லலை. அதுக்குத்தான் வர்றா. சொல்லித் தொலைங்களேன். கையில எண்ணெய் பட்டா வேலை கெட்டுடும், அதான் பூசலைன்னு ஒரு வார்த்தை.”

“அது அவளுக்கே தெரியுமே.”

“தெரிஞ்சா என்ன, நீங்க சொல்லிக் கேக்கணும்னு இருக்கும். இல்ல, தப்புதான்டீன்னாவது சொல்லுங்க.”

அண்ணன் மோவாயை அசைக்கக் கஷ்டப்பட்டார், பொன் அங்கே மடிந்து மயிரளவு விரிந்தது. “சொல்லலாம் லில்லி. சொன்னா வாங்கிக்கிட்டுப் போயிடுவா” என்றார்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பேச்சைப் பாதியில் விட்டுப் போவது என் வாழ்க்கையில் ரொம்ப அபூர்வம்.

ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள், அந்த வருஷம் கேள்விப்பட்டு எங்கள் தெருவுக்குள்ளும் நுழைந்தார்கள். அவர்களில் செங்கல்பட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், எங்கள் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், தங்கள் ஊர்க் கோயில் விளக்கிலிருந்து கொண்டுவந்த எண்ணெயை அண்ணனின் வலது மணிக்கட்டின் உள்பக்கம் பெருவிரலால் சிலுவையாக இழுத்துவிட்டார். எங்கள் தெருவே பதறியது, எண்ணெய் எண்ணெய் என்று அமலோற்பவம் துணி எடுக்க ஓடினாள், அதற்குள் அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டார், கூட்டத்தில் அப்படியே மறந்துபோனோம். மறுநாள் மணி ஓய்ந்தபோது வலது கையில் மிச்சமிருந்த மணிக்கட்டிலும் பொன் ஏறி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பொன்னாக இருந்தது, மணிக்கட்டில் மட்டும் அந்தச் சிலுவை மனுஷத் தோலாக, கறுப்பாக, நாடித் துடிப்போடு இருந்தது.

ஜெசி அதைப் பார்த்தாள். தெரு பார்த்தது. பூந்திக்கொட்டைச் சட்டியோடு நின்றிருந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சட்டியை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். எண்ணெய் பட்டால் பிடிக்காது என்பது இந்தத் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், அதைத் தெரிந்த நாங்களே அவரைத் தினம் கழுவிக் கழுவிக் கொடுத்திருக்கிறோம். அதன் பிறகு யாரும் கழுவ வரவில்லை. செட்டியார் மட்டும் வந்து, மிச்சம் ஒரு முகம்தானே மேஸ்திரி, பாதியில் நிறுத்தினால் சரக்கு நன்றாகவா இருக்கும் என்று ஆரம்பித்தார், ஜெசி அவருடைய செருப்பை எடுத்து வாசலுக்கு வெளியே நேராகத் திருப்பி வைத்தாள், அவர் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்ததும் ஜெசி நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆற்றி, அப்பாவின் உதட்டிலும் கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் கண் ஓரத்திலும் மெத்தப் பூசினாள். அண்ணன் முகத்தை நிமிர்த்திக் காட்டினார். எத்தனையோ வருஷம் கழித்து எண்ணெய் வாசனை முகர்ந்தவர் மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விட்டார். எனக்கும் மனசு ஆறியது, வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டேன்.

காலையில் நான் போனபோது உதடு உதடாகவே இருந்தது. ஜெசி சிரித்துக்கொண்டே காபி கலந்தாள், அம்மா செத்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஆனால் அண்ணன் காபியைத் தொடவில்லை. திரும்பித் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். தலையணை உறையில் பொன் கோடுகள் இழுத்திருந்தன, உதட்டு ஓரத்தில் ஆரம்பித்து, கன்னத்தைப் பிடிக்கப் பார்த்து, பிடி கிடைக்காமல் வழுக்கி, உறை முழுக்க நீளநீளமாக, கட்டிலின் விளிம்புவரைக்கும். விளிம்பில் ஒரு உள்ளங்கை அப்பியிருந்தது, கீழே விழப்போகிறவர் பிடித்துக்கொண்ட மாதிரி. கட்டில் சட்டத்துக்கு அடியில், தரையில், நகமில்லாத ஒரு விரலின் தடம் தனியாகக் கிடந்தது.

ஜெசி உறையைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை, சாயங்காலம் உடம்பு ஆறும்போது டிக் டிக் சத்தமும் வரவில்லை, அவர் காதைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தார்.

ஜெபமாலை முடிந்து ஜெசி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது அவர் முகத்தை நகர்த்திக்கொண்டார்.

“வேணாம்மா.”

“அப்பா, காட்டுங்க.”

“வேணாம் ஜெசி. அவ கை வழுக்குது.”

“வழுக்கட்டும்ப்பா. வழுக்கினாத்தான் நீங்க இருப்பீங்க.”

“விழுந்திருக்கா பாரு. இருந்தப்பயே முட்டி வலி அவளுக்கு.”

“செத்தவங்களுக்கு முட்டி வலிக்காதுப்பா. நான் உயிரோட இருக்கேன், எனக்கு யாரு இருக்கா?” என்று ஜெசி கத்தினாள். கத்தினவள் கிண்ணத்தை வைத்துவிட்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு பலவந்தமாகப் பூசினாள், அவர் சின்னப் பிள்ளை மாதிரி பூசிக்கொண்டார், எதிர்க்கவில்லை. அவள் கை கழுவப் போனதும் மூலையில் இருந்த சட்டியைச் சைகையில் என்னிடம் கேட்டார். என்றைக்கோ மிச்சமான பூந்திக்கொட்டை அதில் காய்ந்து கிடந்தது. நான் தரமாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவர் எழுந்தார், அந்தக் கனத்தோடு, ஒவ்வொரு அடிக்கும் தரை அதிர நடந்துபோய், தானே தண்ணீர் ஊற்றி, மடங்காத விரல்களால் கசக்கி, நுரையை முகம் முழுக்கத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டார். தொட்டி மேஸ்திரி கழுவினால் பசை நிற்காது. ஜெசி கதவோரம் நின்று பார்த்தாள், இந்தத் தடவை கத்தவில்லை.

அப்படியே சில நாள் நடந்தது, அவள் பூசுவாள், அவர் கழுவுவார். அவர் எழுந்து நடக்க முடியாமல் போனதும் இனி ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம், அவர் உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் பிடித்துக்கொண்டார், எண்ணெய் மேலே நின்று வழிந்ததே தவிர உள்ளே படவில்லை. மணி அடிக்கும்போது மட்டும் உதட்டை வெளியே எடுப்பார். இரண்டு ஓரமும் மூடிக்கொண்டு வந்தது. கடைசியில் நடுவில் ஒரு சின்னக் கரண்டி நுழைகிற அளவு இடம் மிச்சம் இருந்தது, அதன் வழியாகத்தான் கஞ்சி ஊட்டினோம், அதன் வழியாகத்தான் மூச்சும் ஒரு சீட்டிச் சத்தத்தோடு போய் வந்தது, மூக்கு அவர் எழுந்து கழுவிக்கொண்ட நாட்களிலேயே மூடிவிட்டது.

அன்று நான் விடியலிலேயே போய்விட்டேன். ஜெசி அடுப்படியில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் தெருப் பெண்கள் வெறுங்கையோடு வந்து நின்றார்கள், ஒருத்தியும் உள்ளே வரவில்லை, அமலோற்பவம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கட்டிலின் வலது ஓரமாக ஒதுங்கிப் படுத்திருந்தார், அந்தக் கனத்தில் எப்படி நகர்ந்தாரோ, இடது பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார். முகம் முழுக்க விரல் தடம், கீழிருந்து மேலாக, கீழிருந்து மேலாக. கண் மட்டும் அவருடையதாக இருந்தது. அந்தக் கண் வாசல் பக்கம் வரவில்லை, என் பக்கம் வரவில்லை, கோயில் இருக்கிற திசையில் மணிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஜெசி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். கரண்டியைத் தோய்த்து உதட்டுக்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள், கோயில் மணியின் கயிறு இழுபட்டுக் கப்பி கிறீச்சிடுவது எங்கள் தெருவரைக்கும் கேட்கும், அது கேட்டது. அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். சுற்றிக்கொண்டு கட்டிலின் இடது பக்கம் போனாள், அந்தக் காலி இடத்துக்கு முன்னால் மண்டியிட்டாள். போர்வை அங்கே மெல்ல அழுந்தத் தொடங்கியிருந்தது. எனக்குத் தும்மலும் வரவில்லை, கொட்டாவியும் வரவில்லை. முதல் மணி அடித்தது.

“அம்மா, நான் ஜெசி வந்திருக்கேன். வேற எங்க வேணா பூசிக்கோ. அந்த இடத்தை மட்டும் விட்டுடும்மா, நான் அப்பாவுக்குக் கஞ்சி குடுக்கணும்.”